ரெசிப்பியில் 'பட்டர்மில்க்' என்று இருந்தால் எந்த மோரை ஊற்றுவது?

தக்கலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன வாரம் மகளின் பிறந்தநாளுக்கு முதல் தடவையாக ரெட் வெல்வெட் கேக் செய்தேன். ரெசிப்பியில் ஒரு கப் பட்டர்மில்க், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா என்று இருந்தது. பட்டர்மில்க் என்றால் மோர்தானே என்று, மதியச் சாப்பாட்டுக்குக் கலக்கி வைத்திருந்த மோரில் ஒரு கப் எடுத்து ஊற்றினேன். உப்பு, இஞ்சி எதுவும் போடாத வெறும் மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் இருக்கும்.

மாவு ரவா தோசைக்குக் கரைத்த மாதிரி ஓடியது. அப்போதே சந்தேகம் வந்தது, ஆனாலும் ஓவனில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது நடுவில் பள்ளம், அடியில் களி மாதிரி ஒரு படலம். வாயில் வைத்தால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு சாப்பிட்டாள். அது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் மோரும் அவர்கள் சொல்கிற பட்டர்மில்க்கும் ஒன்றுதானா? பாலில் எலுமிச்சை பிழிந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

அக்கா, பெயரால் வந்த குழப்பம் இது. அந்த ரெசிப்பிகளில் பட்டர்மில்க் என்று சொல்வது நாம் சோற்றில் ஊற்றுகிற மோர் இல்லை. அங்கே கடையில் விற்பது, கொழுப்பு குறைந்த பாலை உறையூற்றிப் புளிக்க வைத்தது. நம் தயிர் மாதிரி கட்டியாகவும் இருக்காது, மோர் மாதிரி நீராகவும் இருக்காது. கரண்டியை முக்கி எடுத்தால் பின்பக்கத்தில் பூசி நிற்கும். விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாது.

நான் வீட்டிலேயே கேக் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். டிசம்பரில் ஒரு நாளைக்கு ஐந்தாறு கேக் ஆகும். எப்போதும் செய்வது இதுதான்: முக்கால் கப் தயிர், கால் கப் தண்ணீர், கட்டி இல்லாமல் அடித்துக்கொள்ள வேண்டும். தயிர் புளித்ததாக இருக்க வேண்டும். காலையில் உறைந்த இனிப்புத் தயிர் ஆகாது. உறைந்த பிறகு ஒரு பகல் வெளியே வைத்தோ, ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் வைத்தோ எடுத்தால் கொள்ளாம்.

கடைத் தயிர் என்றால் மிகவும் கட்டியாக இருக்கும். அதற்கு அரைக் கப் தயிர், அரைக் கப் பால் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும், அந்தக் கரண்டிக் கோடுதான் கணக்கு.

வடசேரி வீடு எழுதியது:

நான் எலுமிச்சைப்பால்தான் பயன்படுத்துகிறேன். ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, பத்து நிமிடம் வைத்தால் திரிந்துவிடும். பான்கேக், மஃபின் எல்லாம் அதில்தான். இத்தனை வருடத்தில் ஒன்றும் கெட்டதில்லை. தயிர் எடுத்துப் புளிக்க வைத்துக் காத்திருப்பதை விட இது சுலபம்.

தக்கலைக்காரி எழுதியது:

அதைத்தான் நேற்று செய்து பார்த்தேன். ஒரு கப் பாலில் எலுமிச்சை பிழிந்தேன். கட்டி கட்டியாகத் திரண்டு, இளம்பச்சை நிறத் தண்ணீர் தனியாக நின்றுவிட்டது. பட்டர்மில்க் மாதிரி இல்லை, பன்னீர் மாதிரி இருந்தது. எங்கே தவறு?

வடசேரி வீடு எழுதியது:

பால் சூடாக இருந்ததா?

தக்கலைக்காரி எழுதியது:

ஆமாம், அப்போதுதான் காய்ச்சி இறக்கியது.

வடசேரி வீடு எழுதியது:

அதுதான் காரணம். சூடான பாலில் புளிப்பு விழுந்தால் பன்னீர்தான் ஆகும். காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பாலில் விட வேண்டும். அப்போது சின்னச் சின்னத் துகளாக, கொஞ்சம் தடித்து வரும். முழுசாகக் கட்டி ஆகாது. நீங்கள் திரித்ததை வீணாக்க வேண்டாம். திரண்டதைப் பிழிந்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். மிருதுவாக வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

நாகர்கோவிலில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன். சமையல் எனக்கு வராது. ஆனால் இந்தச் சோப்புக் கசப்புக்குக் காரணம் சொல்ல முடியும். அம்மா, கோபிக்காமல் கணக்கைப் பாருங்கள்.

சமையல் சோடா ஒரு காரம், சோடியம் பைகார்பனேட். புளிப்போடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். கேக்கை உப்பவைப்பது அந்த வாயு. தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். 84 கிராம் சோடாவுக்கு 90 கிராம் லாக்டிக் அமிலம் வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று.

அரைத் தேக்கரண்டி சோடா என்பது 2.3 கிராம் அளவுக்கு வரும். நன்றாகப் புளித்த தயிரில் நூற்றுக்கு ஒரு கிராம் லாக்டிக் அமிலம் என்று வைத்தால், முக்கால் கப்பில், அதாவது 180 கிராமில், 1.8 கிராம் இருக்கும். அது பெரும்பாலான சோடாவைச் சரிக்கட்டிவிடும். மீதியை ரெசிப்பியில் உள்ள கோகோவும், ரெட் வெல்வெட்டில் சேர்க்கிற ஒரு தேக்கரண்டி வினிகரும் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் ஊற்றியது ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர். ஒரு கப் மோரில் தயிர் 60 கிராம்தான். அமிலம் 0.6 கிராம். சோடாவில் ஒன்றரை கிராமுக்கு மேல் வேலையில்லாமல் மிஞ்சிவிட்டது. அந்த மிச்சம்தான் நாக்கில் சோப்பாகத் தெரிந்தது. வாயுவும் கால்வாசிதான் வந்திருக்கும், அதனால் பள்ளம். கூடுதலாக விழுந்த தண்ணீர் அடியில் களியாக நின்றுவிட்டது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

இப்போது எலுமிச்சைப்பால். நம் ஊர் எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி. அதில் 0.8 கிராம். அது சரிக்கட்டுவது ஒரு கிராம் சோடாவை, அதாவது கால் தேக்கரண்டியை. வினிகர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீத அசெடிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டியில் 0.6 கிராம்தான் வரும்.

ஆகவே, அரைத் தேக்கரண்டி சோடா கேட்கிற ரெசிப்பிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை பாதி வேலைதான் செய்யும்.

வடசேரி வீடு எழுதியது:

சார், கணக்கு புரிகிறது. ஆனால் எனக்குக் கசந்ததே இல்லையே?

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

உங்கள் பான்கேக்கில் எவ்வளவு சோடா போடுகிறீர்கள்?

வடசேரி வீடு எழுதியது:

கால் தேக்கரண்டி. கூடவே ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அப்போது சரியாகவே இருக்கும். கால் தேக்கரண்டி சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை போதும். பேக்கிங் பவுடரில் அமிலம் ஏற்கனவே கலந்திருக்கிறது, அதற்குத் தனியாகப் புளிப்பு வேண்டாம். உங்கள் அனுபவம் தவறில்லை, உங்கள் ரெசிப்பிக்கு அது பொருந்துகிறது. சோடா மட்டும் போடுகிற ரெசிப்பியில்தான் வித்தியாசம் தெரியும்.

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

வாத்தியார் சார், மிக்க நன்றி. இத்தனை நாள் கைப்பழக்கத்தில் செய்ததற்கு இன்றுதான் காரணம் தெரிந்தது. தயிரும் இல்லை, ரெசிப்பியில் சோடா அரைத் தேக்கரண்டி என்றால் நான் செய்வது: சோடாவைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை விட்ட பால். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை விட்டால் கணக்குக்குச் சரிதான், ஆனால் வெண்ணிலா கேக்கில் எலுமிச்சை வாசனை தூக்கிவிடும். சாக்லேட் கேக் என்றால் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். சோடா போட்ட மாவைக் கலக்கியதும் காத்திருக்கக் கூடாது. ஓவன் சூடாகாமல் புளிப்பையும் சோடாவையும் சேர்க்காதீர்கள். வாயு எல்லாம் பாத்திரத்திலேயே போய்விடும்.

ஈத்தாமொழித் தோப்பு எழுதியது:

எங்கள் வீட்டில் எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப்பாலில் எலுமிச்சை விட்டால் பட்டர்மில்க் ஆகுமா? தேங்காய்க்குக் குறைவே இல்லாத இடம் எங்களுடையது. மற்றதெல்லாம் வாங்கத்தான் வேண்டும்.

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

ஆகும், ஆனால் பசும்பால் மாதிரி தடிக்காது. நான் நோன்புக் காலத்தில் கேட்பவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஐம்பது நோன்பில் பாலும் முட்டையும் தொடாத வீடுகள் உண்டு. முதல் பாலும் இரண்டாம் பாலும் பாதிப் பாதி எடுத்து ஒரு கப். அதில் எலுமிச்சை. நெட்டைத் தென்னங்காய் என்றால் பால் நல்ல கொழுப்பாக இருக்கும். அதனால் கேக்கில் எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டி குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கையில் எண்ணெய் ஒட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தடிக்காததற்குக் காரணம், பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேங்காய்ப்பாலில் இல்லை. புளிப்பு ஏறினால் திரண்டு தடிப்பது அதுதான். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கலாம், நன்றாக அடித்து ஊற்றுங்கள். சோயா பாலில் புரதம் வேறு என்றாலும் அது புளிப்புக்குத் திரளும். தடிப்பு வேண்டுமென்றால் சோயா நல்லது, வாசனை வேண்டுமென்றால் தேங்காய்.

குலசேகரம் அம்மச்சி எழுதியது:

பேரன் எழுதித் தருகிறான், நான் சொல்கிறேன்.

கேக்கைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது மக்களே. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது எலுமிச்சைப்பாலைப் புளிசேரிக்கு, அதான் தேங்காய் அரைத்துத் தயிர் விட்டு வைக்கிற கறிக்கு, எடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. என் மருமகளின் தங்கை ஒரு தடவை அப்படிச் செய்தாள். வீட்டில் தயிர் தீர்ந்துபோயிருந்தது, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்து, தேங்காய் அரைப்போடு அடுப்பில் வைத்தாள். சூடு ஏறியதும் பால் தனி, தண்ணீர் தனி. ஒரு குடம் தண்ணீர் விட்டாலும் அதைச் சேர்க்க முடியாது.

புளிசேரிக்குப் புளித்த தயிர்தான். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்து மைய அரைத்து, காய் வெந்ததும் அந்த அரைப்பைச் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போன பிறகு தீயைக் குறைத்து, கட்டி இல்லாமல் உடைத்த தயிரை விட வேண்டும். அப்புறம் கைவிடாமல் கிளற வேண்டும். ஓரத்தில் நுரைத்துப் பதஞ்சு வரும், அப்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். கடுகு, வெந்தயம், வற்றல்மிளகாய், கறிவேப்பிலை தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பெரிய அண்டாவில் வைக்கும்போது ஊறின பச்சரிசி ஒரு பிடி தேங்காயோடு சேர்த்து அரைப்பார்கள். அது இருந்தால் கொஞ்சம் சூடு கூடினாலும் திரியாது. வீட்டுக்கும் அதைச் செய்யலாம், ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீராக ஓடுகிற மோரைப் புளிசேரியில் விடாதீர்கள். இலையில் சாம்பாருக்கு அடுத்து வருகிற கறி அது, சோற்றைப் பிடித்து நிற்க வேண்டும்.

தக்கலைக்காரி எழுதியது:

அம்மச்சி, தயிரே இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?

குலசேகரம் அம்மச்சி எழுதியது:

புளிசேரி வைக்க மாட்டேன் மோளே. மாங்காய் இருந்தால் மாங்காயைத் தண்ணீரில் வேகவிட்டு, தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்துவிட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவேன். மாங்காய் இல்லாத நாளில் முற்றத்து மரத்துப் புளிச்சிக்காய், பிலிம்பி என்பார்களே அது. அது பழமாகாமல் பச்சையாக இருக்க வேண்டும். அந்தக் கறிக்குத் தனி ருசி. மோர் சேர்த்த ருசியை அதில் தேடக் கூடாது.

ஈத்தாமொழித் தோப்பு எழுதியது:

அம்மச்சி, பத்து வருடமாக நான் புளிசேரி சாப்பிடவில்லை. இந்த மாங்காய்க் கறியை நாளைக்கே வைக்கிறேன். நன்றி.

சலாலாவில் இருந்து எழுதியது:

நான் அருமனைக்காரன், ஓமனில் இருக்கிறேன். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எந்தக் கடையிலும் லபன் கிடைக்கும். அது புளிக்க வைத்த பால்தான். நான் அதை அப்படியே அளந்து கேக்கில் ஊற்றுகிறேன், தண்ணீர் சேர்ப்பதில்லை. உப்புப் போட்ட லபனும் இருக்கிறது, வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். உப்புள்ளதுதான் கையில் இருக்கிறது என்றால் ரெசிப்பியின் உப்பை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் இருக்கிற என் மைத்துனர் கெஃபிர் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார். அதுவும் புளித்த பால்தான், அளவும் ஒன்றுக்கு ஒன்று.

ஊருக்கு வரும்போது அம்மா மத்தால் கடைந்து வைத்திருக்கும் மோரைக் குடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். அந்த மோரில் கேக் செய்ய முடியுமா என்று இப்போது தோன்றுகிறது.

பூதப்பாண்டி மாட்டுக்கொட்டில் எழுதியது:

அண்ணே, முடியும். இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். தயிர், எலுமிச்சை என்று எல்லோரும் மாற்றுப் பொருளைத் தேடுகிறீர்கள். பட்டர்மில்க் என்ற பெயரே வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற அந்த நீருக்கு வைத்ததுதானே. நெய் உருக்குகிற வீட்டில் அது வாராவாரம் சும்மா கிடைக்கிறது. அதில் கை வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது. தினமும் பால் காய்ச்சி ஆறியதும் மேலே படிகிற ஆடையை எடுத்து ஒரு பாத்திரத்தில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைப்போம். ஒரு வாரம் சேர்ந்ததும் வெளியே எடுத்து, இரண்டு கரண்டி தயிர் கலந்து ஒரு இரவு வைத்தால் ஆடை முழுக்கப் புளித்து உறைந்துவிடும். காலையில் மத்தால் கடைவோம். மிக்ஸியிலும் செய்யலாம், நாலைந்து ஐஸ் கட்டி போட்டு விட்டு விட்டு ஓட்ட வேண்டும். முதலில் நுரைக்கும், அப்புறம் தடிக்கும், திடீரென்று சத்தம் மாறும். வெண்ணெய் திரண்டு மேலே வந்துவிடும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். வெண்ணெய் திரண்டதும் எல்லோரும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுவோம். கழுவுகிறதற்கு முன்னால், பாத்திரத்தில் கிடக்கிற வெள்ளை நீரை அப்படியே வேறு பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். அதுதான் கேக்குக்கு உரிய மோர். கழுவிய தண்ணீர் அதில் விழுந்தால் வாத்தியார் சொன்ன கணக்குத்தான், புளிப்பு நீர்த்துப்போகும். ஐஸ் கட்டியையும் அளவாகப் போடுங்கள். வெயில் நாளில் இல்லாமல் முடியாது, கார்த்திகை, மார்கழியில் ஒன்றிரண்டு போதும்.

அந்த மோர் கொழுப்பு குறைந்தது, புளிப்பு நின்றது. தயிரை நீர்க்கக் கரைத்தது மாதிரி தடிப்பு இருக்காது, கொஞ்சம் ஓடும். அதனால் ஒரு கப் கேட்கிற இடத்தில் நான் முக்கால் கப் மோரும் கால் கப் தயிரும் கலந்து விடுகிறேன். எங்கள் வீட்டில் எண்ணெயில் பொரிக்கிற வெட்டு கேக் செய்வது இதில்தான். கடையில் கிடைப்பதை விட உள்ளே மிருதுவாக இருக்கும், மேலே வெடிப்பும் நன்றாக விழும்.

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

வெட்டு கேக் அளவு சொல்ல முடியுமா?

பூதப்பாண்டி மாட்டுக்கொட்டில் எழுதியது:

அளவு அம்மாவின் கையில் இருக்கிறது. மைதா, முட்டை, சர்க்கரை, ஏலக்காய், ஒரு சிட்டிகை சோடா, பிசைய எவ்வளவு மோர் வேண்டுமோ அவ்வளவு. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக வர வேண்டும். இரண்டு மணி நேரம் மூடி வைத்து, துண்டு போட்டு, மேலே கத்தியால் கீறி, தீ குறைவாக வைத்துப் பொரிக்க வேண்டும். தீ கூடினால் உள்ளே வேகாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்யும்போது அளந்து எழுதுகிறேன்.

கருங்கல் ஹாஸ்டல் பிள்ளை எழுதியது:

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் தயிரே உறைவதில்லை. ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. புளித்த தயிருக்கு எங்கே போவது?

குலசேகரம் அம்மச்சி எழுதியது:

பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடுகிற மாதிரியும் இல்லாமல், ஆறியும் போகாமல் இருக்கும்போது உறைமோர் விட வேண்டும். குளிர் நாளில் கொஞ்சம் கூடுதலாக விடலாம். பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் இறக்கி, சுற்றிலும் அரிசி இருக்கிற மாதிரி வைத்துவிடு. காலையில் வெட்டி எடுக்கலாம். உறைந்ததை உடனே ஃபிரிட்ஜில் வைக்காதே, மதியம் வரை வெளியே இருக்கட்டும், புளிப்பு ஏறும்.

வடசேரி வீடு எழுதியது:

ஓவன் இருப்பவர்கள் உள்ளே விளக்கை மட்டும் போட்டுவிட்டு வைக்கலாம். அந்தச் சூடே போதும். காலையில் ஓவனைப் போடும் முன் தயிர் உள்ளே இருப்பதை மறக்கக் கூடாது, அதனால் நான் கதவில் ஒரு துணியைக் கட்டி வைக்கிறேன்.

கருங்கல் ஹாஸ்டல் பிள்ளை எழுதியது:

இன்னொன்று. அப்பா புளியைக் கரைத்துப் பாலில் விடலாமே என்கிறார். கொடம்புளி கூட வீட்டில் இருக்கிறது.

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

வேண்டாம். நிறம் கறுத்துவிடும், ருசி மீன்குழம்பை நினைவுபடுத்தும். எலுமிச்சையும் இல்லை, வினிகரும் இல்லை என்றால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு கப் குளிர்ந்த பாலில் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகக் கரைத்தால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றுக்குச் சமம். வாசனையும் வராது. கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று சில ரெசிப்பியில் போடுகிறார்கள், அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோழி ஊறப்போட என்றால் எதையும் யோசிக்க வேண்டாம், தயிர் போதும்.

தக்கலைக்காரி எழுதியது:

நான்கு நாளாக இங்கே வரவில்லை. வந்து சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தயிரை உறையவைத்து, ஒரு பகல் வெளியே வைத்து, அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்தேன். நேற்று எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கண் சுருங்குகிற புளிப்பு. முக்கால் கப்புக்குக் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தேன். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டேன், கோடு நின்றது. ஓவன் சூடான பிறகுதான் ஈரப் பொருளையும் காய்ந்த பொருளையும் சேர்த்தேன். சோடா ரெசிப்பியில் சொன்ன அதே அரைத் தேக்கரண்டி.

மாவு இந்தத் தடவை இட்லி மாவு மாதிரி விழுந்தது. நடுவில் பள்ளம் இல்லை. வெட்டினால் மெத்தென்று, ஈரமாக, கசப்பில்லாமல் வந்தது. மகள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை டப்பாவில் போட்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. டிசம்பரில் தினமும் தயிர் புளிக்க வைக்க முடியாது. முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

மார்த்தாண்டம் அடுப்பங்கரை எழுதியது:

அக்கா, படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. வைக்கலாம். அடித்த தயிரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். குழி ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் எட்டுக் கட்டி ஒரு கப். கட்டியானதும் எடுத்துக் கவரில் போட்டுக்கொள்ளலாம். முந்தின இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டால், காலையில் நீர் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அடித்தால் சேர்ந்துவிடும். குடிக்க நன்றாக இருக்காது, கேக்குக்கு ஒரு குறையும் இல்லை.

பூதப்பாண்டி மாட்டுக்கொட்டில் எழுதியது:

வெண்ணெய் எடுத்த மோரையும் அப்படியே வைக்கலாம், நான் வைக்கிறேன். வெட்டு கேக் அளவு: மைதா இரண்டரை கப், முட்டை இரண்டு, பொடித்த சர்க்கரை முக்கால் கப், ஏலக்காய் ஐந்து, சோடா கால் தேக்கரண்டி, மோர் அரைக் கப்பில் ஆரம்பித்துப் பார்த்துப் பார்த்து. அம்மா இன்று அரைக் கப்போடு நிறுத்திவிட்டார்.